நூற்றுப்பத்துக்கு எழுபது

போன மாதம் திருகோணமலை நகரத்தில், வீடு வீடாகப் போய்க் கர்ப்பவதிகளைப் பார்க்கப் புதிதாக நியமனம் பெற்ற குடும்பநல மாதர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்றவர்களில் இன்னும் மாடிப்படி ஏறக்கூடியவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட அதிகாரி மிகவும் மரியாதையானவர். என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும், ஆனால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உற்சாகம் வராத பகுதிகளைக் கழித்துப் பார்த்தபோது என் முப்பத்துமூன்று வருடச் சேவையில் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சியது. அதைப் பேசிவிட்டு, ஒரு ரோல்ஸும் தேநீரும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன். வாசலில் ஒரு புதுப்பெண் பின்னால் ஓடி வந்து, "மிஸ், நீங்கள் எப்பவாவது பிழை விட்டிருக்கிறியளா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்லப் பழகினோம். பிரஷர் பார்க்கப் பழகினோம். சிறுநீரைக் காய்ச்சி அதில் புரதம் போகிறதா என்று பார்க்கப் பழகினோம். அந்தக் கடைசிப் பாடத்தில் எங்கள் ஆசிரியை விடாப்பிடியாக நின்றார். அதற்குத்தான் இப்போது காகிதத் துண்டு வந்துவிட்டதே, தோய்த்தால் நிறம் மாறுமே என்று நாங்கள் முணுமுணுத்தோம். "காகிதம் முடியும் பிள்ளையள். சிறுநீர் முடியாது" என்றார். அரசாங்கத்தை அவர் எங்களைவிட நன்றாக அறிந்தவர்.

முதல் நியமனம் கிண்ணியாவில். அப்போது அங்கே பாலம் இல்லை. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். பாதை வரும்போது போகலாம், வராவிட்டால் கரையில் நின்று அக்கரையைப் பார்க்கலாம். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம் இரும்புச்சத்துக் குளிசை பற்றியது. ஒரு கர்ப்பவதி கடதாசி போல வெளிறிப் போயிருந்தார். மாதாமாதம் குளிசை கொடுக்கிறேன், இரத்தம் ஏறுவதாக இல்லை. கேட்டால் அவருடைய கணவர்தான் பதில் சொல்வார். காலை ஒன்று, பின்னேரம் ஒன்று, ஒருநாளும் தவறியதில்லை. நானும் கெட்டிக்காரியாக, குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அப்படிப் போகிறதா என்று கேட்டேன். "ஓம் மிஸ், எனக்குக் கறுப்பாத்தான் போகுது" என்றார் அவர். மனைவி தலையைக் குனிந்துகொண்டார். உடம்புக்குத் தெம்பு தரும் குளிசை என்று நான் சொன்னேனாம். வலை இழுக்கிறவருக்குத்தானே தெம்பு வேண்டும்? அன்றிலிருந்து கேள்வியைப் பெண்ணிடம் கேட்பது, கணவர் நின்றால் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டுக் கேட்பது என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். எந்தக் கைநூலிலும் அது இல்லை.

கைநூல்களில் இருந்தவற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சேவையின் பிற்பகுதியில் நான் சம்பூர்ப் பக்கத்துக்கு மாற்றலாகிப் போனேன். சனங்கள் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறிய காலம். அப்போது கொழும்பிலிருந்து கர்ப்பகாலச் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. பளபளப்பான தாள். மாலை வேளைகளில் அருகிலுள்ள பூங்காவில் முப்பது நிமிடம் உலாவுமாறு அதில் அறிவுரை. எங்கள் பக்கத்தில் மாலை வேளைகளில் உலாவுவது யானை. ஒரு பெண் அதை உரக்க வாசித்துவிட்டு, யானைக்கும் சீனி வருத்தமோ மிஸ் என்று கேட்டாள். கிளினிக் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, 'துண்டுப்பிரசுரம் வழங்கப்பட்டது' என்ற கட்டத்தில் சரி போட்டேன். பிறகு, காலையில் வீட்டைச் சுற்றி இருபது தரம் நடக்கச் சொல்லி அனுப்பினேன். அதைப் பதிவதற்குக் கட்டம் இருக்கவில்லை.

கட்டம் என்றதும் எங்கள் மேற்பார்வை அதிகாரியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அவரை நாங்கள் பெரிய மிஸ் என்போம். உண்மைப் பெயர் வேண்டாம். இருவரும் இப்போது ஓய்வுபெற்று ஒரே கடையில்தான் மருந்து வாங்குகிறோம். பெரிய மிஸ் ஒரு காலத்தில் பிரசவ அறையில் பேர்போன நேர்ஸ். கழுத்தில் கொடி சுற்றி வந்த பிள்ளைகளை உயிரோடு எடுத்த கை. அந்தக் கையில் ஒரு சிவப்புப் பேனாவையும் அடிமட்டத்தையும் கொடுத்து மேலே ஏற்றிவிட்டார்கள். பிறகு அவர் ஒரு வயிற்றைத் தொட்டு நான் கண்டதில்லை. கிளினிக்குக்கு வந்தால் கஞ்சிபோட்ட சேலை கசங்காமல் கதிரையில் அமர்ந்து, பதிவேட்டைப் பின்பக்கத்திலிருந்து திறப்பார். அடிமட்டத்தை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து மெல்ல ஏறுவார். வெறும் கட்டம் கண்டால் அடிமட்டம் நின்றுவிடும். கோபிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். சிவப்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு, ஏதோ பிள்ளையையே கைதவற விட்டுவிட்டோம் என்று தோன்றும்.

எங்கள் கிளினிக் ஊரின் பொதுமண்டபத்தில் நடந்தது. ஊரின் பெயரும் வேண்டாம். அங்கே இருந்த பிரஷர் கருவி வட்ட முகமும் முள்ளும் உள்ளது. பட்டியைக் கையில் சுற்றி, ரப்பர் பந்தை அமத்தினால் முள் ஏற வேண்டும். எங்களுடையது எண்பது வரை ஏறிவிட்டுப் பெருமூச்சோடு இறங்கிவிடும். உள்ளே எங்கோ ஓட்டை. சைக்கிள் கடைக்காரர் ஒருவரைக் கொண்டு ஒட்டுப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கிளினிக் ஓடியது. பிறகு ஒட்டும் பெருமூச்சு விட்டது.

புதியது கேட்டு எழுதினேன். பழுதடைந்த கருவியை ஒப்படைத்தால்தான் புதியதற்கு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. ஒப்படைத்தால், புதியது வரும்வரை கிளினிக்கில் கருவி இல்லை. மேலிடத்துக்கு மாதாமாதம் போகும் படிவத்திலோ 'பிரஷர் கருவி உண்டா?' என்று ஒரு கட்டம். இல்லை என்று போட்டால் அது பெரிய மிஸ்ஸின் பிரிவுக்குக் குறை. ஆகவே கருவியை ஒப்படைக்க வேண்டாம் என்றார். கருவி உண்டு என்று போட்டோம். பொய் இல்லை. மேசையில் இருந்தது.

அந்த மாதம் கிளினிக்குக்கு வந்தவர்கள் பதினொரு பேர். பிரஷர் கட்டங்களை வெறுமையாக விட்டு, 'கருவி பழுது' என்று ஓரத்தில் எழுதினேன். பெரிய மிஸ் வந்தார், அடிமட்டம் ஏறியது. பதினொரு சிவப்பு வட்டம். "இதென்ன, பதிவேட்டுக்கு அம்மாள் வருத்தம் வந்து கொப்புளம் போட்ட மாதிரி?" என்றார். அப்போதும் அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. இதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். வரிசையில் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தானே இருக்கினம். நீங்கள் அனுபவமுள்ள ஆள்" என்று மட்டும் சொன்னார்.

அனுபவமுள்ள ஆளுக்கு விளங்கியது. அடுத்த கிளினிக்கிலிருந்து எங்கள் ஊரில் எல்லாருக்கும் பிரஷர் நூற்றுப்பத்துக்கு எழுபது. நெட்டையானவருக்கும் குட்டையானவருக்கும், முதல் பிள்ளைக்காரிக்கும் ஆறாம் பிள்ளைக்காரிக்கும் ஒரே பிரஷர். எனக்கே அலுத்துப்போனால் இடையிடையே நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதுவேன். பெண்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று பட்டியையும் ஒழுங்காகச் சுற்றினேன். பந்தை அமத்தினேன். முள்ளைப் பார்த்தேன். முகத்தை மாற்றாமல் எண்ணை எழுதினேன். யாருக்காவது கால் கூடுதலாக வீங்கியிருந்தால் மூதூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அங்கே பார்க்கச் செய்தேன். அதுவும் என் கண்ணுக்குப் பட்டால்தான். பதிவேடுகள் முழுமையாக இருந்ததற்காக அந்த வருடம் எங்கள் கிளினிக்குக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு, கருவிக்கு மேலே சுவரில் மாட்டினோம்.

சுகந்தியின் பெயரும் அந்தப் பதிவேட்டில் இருந்தது.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் முடித்து எட்டாவது வருடத்தில் முதல் பிள்ளை. கணவன் கட்டாரில் வேலை. மாமியோடு இருந்தாள். முகாமில் வளர்ந்தவர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியும். சுகந்தி தன் கர்ப்பகாலப் பதிவு அட்டையை, எங்கள் பேச்சில் 'காட்', ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, மூலை மடங்காமல் வைத்திருந்தாள். ஒவ்வொரு கிளினிக்கும் முடிய, கதிரையை விட்டு எழும்ப முதலே காட்டைப் போனில் படம் எடுத்துக் கணவனுக்கு அனுப்புவாள். அவளுடைய காட்டில் மூன்று தரம் நூற்றுப்பத்துக்கு எழுபது. மூன்றும் என் கையெழுத்து. என் கையெழுத்து வடிவானது என்று எல்லாரும் சொல்வார்கள்.

எட்டாம் மாதம் நடக்கும்போது ஒரு காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளைப் பற்றிக் கவலைப்பட்டுப் போனேன் என்றால் அது இன்னொரு பொய். வீட்டுத் தரிசிப்புக் கட்டம் ஒன்று மிச்சம் இருந்தது.

சுகந்தி வாசலுக்கு வரவில்லை. உள்ளே பாயில் படுத்திருந்தாள். மூன்று நாளாகத் தலையிடி, அதுவும் கண்ணுக்கு மேலே. விரலிலிருந்த மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுத்தான் கழற்றினாளாம். காலில் பெருவிரலால் அமத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு மிஸ்" என்றாள்.

மாமி பக்கத்தில் நின்றார். நாலு பெற்றவர். "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கிறது புதினமே மிஸ்? எனக்கு நாலுக்கும் வீங்கினது."

என்னிடம் காகிதத் துண்டு இல்லை. முடிந்து இரண்டு மாதம். பையின் அடியில் ஒரு கண்ணாடிச் சோதனைக்குழாய் மட்டும் கிடந்தது. சுகந்தியிடம் சிறுநீர் வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். குழாயில் முக்கால்வாசி ஊற்றி, கடதாசியை மடித்துக் குழாயின் கழுத்தைப் பிடித்து, அடுப்பு நெருப்பில் மேல்பகுதியை மட்டும் காட்டினேன். கீழ்ப்பகுதியைச் சூடாக்கக் கூடாது. அது தெளிவாக இருந்தால்தான் மேலே நடப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலே கொதி வரும்போதே வெண்மேகம் போல ஒன்று கட்டியது. மேகம் வந்தால் உடனே பயப்படவும் கூடாது. சிலவேளை அது வெறும் உப்பு. நாலு துளி வினாகிரி விட்டால் உப்பு கரைந்துவிடும். புரதம் கரையாது. மாமியிடம் வினாகிரி கேட்டேன். அச்சாறு போடவா வந்தீங்கள் என்று கேட்டபடி போத்தலை நீட்டினார். விட்டேன். மேகம் கரையவில்லை. இன்னும் இறுகித் தயிர் மாதிரி நின்றது.

மாமி எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு தன் நாலு பிள்ளைகளைப் பற்றி அவர் கதைக்கவில்லை.

இனிப் பிரஷர் வேண்டும். கிளினிக்கில் இருந்தது சான்றிதழ் பெற்ற கருவி. நாலு வீடு தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார், கனகசபை மாஸ்டர். அவருடைய மகள் கனடாவிலிருந்து மின்கலத்தில் ஓடும் பிரஷர் கருவி ஒன்று அனுப்பியிருந்தாள். மாஸ்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் நாளுக்கு இரண்டு தரம் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். அரசாங்கக் கிளினிக்கில் பதினொரு கர்ப்பவதிகளுக்கு ஒரு கருவி இல்லை. ஆரோக்கியமான ஒரு கிழவருக்குச் சொந்தமாக ஒன்று இருந்தது. நான் ஸ்கூட்டியில் போய் இறங்கியதும் அவர் கொப்பியைக் காட்டத் தொடங்கினார். சுகந்தியின் பெயரைச் சொன்னதும் கொப்பியை மூடிவிட்டுக் கருவியோடு தானே பின்னால் ஏறிக்கொண்டார்.

சுகந்தியைச் சாய்ந்து இருக்கச் செய்து, கையை நெஞ்சு மட்டத்தில் தலையணையில் வைத்துப் பார்த்தேன். நூற்றெழுபத்திரண்டுக்கு நூற்றுப்பன்னிரண்டு. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. நூற்றறுபத்தெட்டுக்கு நூற்றுப்பத்து. கருவி பிழையாக இருக்கலாமே என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பிழையெண்டு நினைக்காதையுங்கோ. காலமை எனக்கு நூற்றிருபத்தெட்டு" என்றார்.

அம்புலன்சுக்கு அறிவித்தேன். வர அரை மணியாகும் என்றார்கள். அதற்கிடையில் பெரிய மிஸ்ஸுக்கும் போன் எடுத்தேன். ஆளை அனுப்பும்போது அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒழுங்கு. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"போன கிளினிக்கில எவ்வளவு?"

"நூற்றுப்பத்துக்கு எழுபது."

"அது எப்ப?"

"ஒன்பது நாளைக்கு முதல்."

"ஒன்பது நாளில நூற்றெழுபது எண்டால் நாளைக்கு எங்களைத்தான் கேப்பினம். நூற்றிநாற்பதுக்குத் தொண்ணூறு எண்டு போடுங்கோ. அதுக்கும் அனுப்பலாம்தானே."

மீன் சந்தையில் பாரைக்கு விலை பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் இரத்த அழுத்தத்துக்கு விலை பேசுவதை அன்றுதான் கேட்டேன். ஆனால் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அந்தச் சந்தையில் மூன்று மாதமாகக் கடை போட்டிருந்தவள் நான்.

"அப்பிடிப் போட்டால் அங்க அவளை வரிசையில இருத்தி வைப்பினம் மிஸ். போட ஏலாது" என்றேன்.

"அப்ப நீங்கள்தான் பொறுப்பு."

"ஓம்."

கடிதத்தில் நூற்றெழுபத்திரண்டுக்கு நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். சிறுநீரில் கடும் புரதம், தலையிடி, கண் மங்கல் என்று எழுதினேன். அவசரத்தில் எழுத்து வடிவாக வரவில்லை.

அம்புலன்ஸ் சாரதி ஜவ்பர் நானா வந்தார். ஏற்றிப் போய்க்கொண்டிருந்தபோது சுகந்தி மேல்வயிறு நோகிறது என்றாள். பிறகு பேச்சை நிறுத்தி ஒரே பக்கமாகப் பார்த்தாள். வாய் கோணியது. உடம்பு பலகை போல விறைத்து, பிறகு உதறத் தொடங்கியது. முன்னாலிருந்து மாமி திரும்பிப் பார்த்து, வாய்க்குள் கரண்டி வைக்கச் சொன்னார். வாய்க்குள் ஒன்றும் வைக்கக் கூடாது. அவளை இடப்பக்கம் சரித்துப் பிடித்து, வழிந்த நுரையைத் துடைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதும் ஒரு நிமிடம்கூட இராது. வலிப்பு நின்று, குறட்டை போல மூச்சு திரும்பியபோதுதான் நானும் மூச்சு விட்டேன். ஜவ்பர் நானா கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வழியிலிருந்த ஆஸ்பத்திரியில் ஓர் இளம் லேடி டொக்டர் இருந்தார். கடிதத்தை வாசித்தார், இரண்டு கோட்டையும் பார்த்தார். எந்தக் கருவியில் அளந்தது என்று கேட்கவில்லை. வலிப்பு மறுபடி வராமல் இருக்க மக்னீசியம் ஊசியைப் போட்டு, பிரஷருக்கு மருந்து கொடுத்து, சிறுநீர்க் குழாயும் வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். ஒரு நேர்ஸோடு என்னையும் கூட ஏறச் சொன்னார். அந்த மருந்து கூடிப்போனால் மூச்சையே நிறுத்திவிடும். ஆகவே வழிநெடுக மூன்றைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ள வேண்டும். மூச்சை எண்ண வேண்டும். பையில் சிறுநீர் இறங்க வேண்டும். நேர்ஸ் மூச்சை எண்ண, நான் உள்ளங்கை ஓரத்தால் சுகந்தியின் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தேன். உப்பாறு போனது, கிண்ணியாப் பாலம் போனது, சீனன்குடா போனது. எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டும்போது ஒருதரம் கால் மெதுவாகத்தான் துள்ளியது. மறுபடி தட்டினேன். துள்ளியது.

பின்னேரம் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ எண்ணூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாயும் பிள்ளையும் உயிரோடு. ஆனால் மறுநாள் கண் விழித்த சுகந்திக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் இருட்டு. மூளையின் பின்புறம் நீர் கோத்து வருவது, பெரும்பாலும் நாலைந்து நாளில் திரும்பும் என்று பெரிய டொக்டர் சொன்னார். பெரும்பாலும் என்ற சொல்லை அவர் இரண்டு தரம் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில் வாட்டுக்குப் போனேன். மாமி கட்டில் ஓரத்தில் இருந்தார். சுகந்தி என் குரலைக் கேட்டு முகத்தைத் திருப்பினாள். சுவரைப் பார்த்துத் திருப்பினாள்.

"நல்லதாப் போச்சு மிஸ், வந்தது. நான் உப்பைக் கூட்டித் திண்டதாலதான் இப்பிடி எண்டு மாமி சொல்லுறா. தலையணைக்குக் கீழ காட் கிடக்கு. எடுத்து வாசியுங்கோ. மாமிக்கும் கேக்கட்டும்."

உறையிலிருந்து காட்டை எடுத்தேன். வாசிக்காமல் வைத்துவிட்டு வர ஒரு வழி இருக்குமா என்று யோசித்தேன். பிறகு நிறை, வயிற்றின் உயரம் எல்லாம் வாசித்தேன். பிரஷர் வரிக்கு வந்தேன். நூற்றுப்பத்துக்கு எழுபது. நூற்றுப்பத்துக்கு எழுபது. நூற்றுப்பத்துக்கு எழுபது.

"பாத்தியே? கிளினிக்கில எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு" என்றார் மாமி. "பிறகு வீட்டில நீதான் ஏதோ செய்திருக்கிறாய்."

என் பொய் எனக்கு மட்டும் வசதியாக இருந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது அந்தக் கட்டிலில் கிடந்தவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"சுகந்தி, அதுகள் நான் அளந்தது இல்லை. கருவி வேலை செய்யேல்லை. சும்மா எழுதினனான்" என்றேன்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டியைச் சுத்தினீங்களே மிஸ்."

"சுத்தினனான்."

"முள்ளையும் பாத்தீங்கள்."

"பாத்தனான்."

"நான் நல்லா இருக்கிறன் எண்டு அவருக்குப் படம் எடுத்து அனுப்பினனான்" என்றாள். பிறகு, "போயிட்டு வாங்கோ மிஸ்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் எழும்பி வந்தேன்.

நாலாம் நாள் அவளுக்கு யன்னல் வெளிச்சம் தெரிந்தது. ஒரு கிழமையில் பார்வை முழுதாகத் திரும்பியது. பிள்ளையை அதற்குப் பிறகுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தாள்.

விசாரணை இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஒரு பெண் வலிப்பு வரை போனதற்கான காரணத்தைக் கண்டறியும் கூட்டம் என்றார்கள். தேநீரும் கிறீம் பிஸ்கட்டும் இருந்தன. முதல் கேள்வி, தனியாருக்குச் சொந்தமான கருவியின் அளவை அரசாங்கக் கடிதத்தில் எழுதியது ஏன்? இரண்டாவது, நடைமுறையில் இல்லாத முறையில், அதுவும் ஒரு வீட்டுக் குசினியில், சிறுநீர் காய்ச்சியது ஏன்? சரியாகச் செய்த இரண்டு காரியங்களுக்கும் முதலில் விளக்கம் கேட்டார்கள். பிழையாகச் செய்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அது கட்டத்துக்குள் ஒழுங்காக இருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு புதுக் காட்டை மேசையில் வைத்தார். ஒன்பது நாளில் அப்படித் தாவினால் யாரும் நம்ப மாட்டார்கள், நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து, நூற்றிமுப்பது என்று படிப்படியாக ஏற்றி எழுதித் தரச் சொன்னார். பதவி உயர்வு போலப் பிரஷரும் முறைப்படி ஏற வேண்டும் என்பது அவர் எண்ணம். பழைய காட்டின் படங்கள் மூன்றும் கட்டாரில் இருக்கின்றன என்று சொன்னேன். பெரிய மிஸ் புதுக் காட்டைத் திரும்ப மேசை லாச்சிக்குள் வைத்தார். அன்றைக்கு அவர் முகம் வயதுபோனதாகத் தெரிந்தது. கொடி சுற்றிய பிள்ளைகளை எடுத்த அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கக் கடிதத்தில் நான் எழுதியது மூன்று வரி. கருவி பழுது. முன்பு எழுதிய அளவுகள் எவருடையதும் அளக்கப்பட்டவை அல்ல. எழுதியது நான். பெரிய மிஸ்ஸின் பெயரை எழுதவில்லை. அது பெருந்தன்மை என்று சிலர் நினைத்தார்கள். அந்த அளவுகளை அவர் எழுதச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். நான் அவ்வளவு கெட்டிக்காரியாக விளங்கிக்கொண்டேன்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று கிழமைக்குள் எங்கள் பிரிவின் எல்லாக் கிளினிக்குகளுக்கும் புதுக் கருவிகளும் வந்தன. பழையதை ஒப்படைக்கும்படி ஒருவரும் கேட்கவில்லை. பெரிய மிஸ் அடுத்த வருடம் பதவி உயர்ந்து வேறு மாவட்டத்துக்குப் போனார்.

சுகந்தி பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு நான் போகத்தான் வேண்டும். என் பகுதி அது. வேறு ஆளை அனுப்பக் கேட்டுப் பார்த்தேன், ஆள் இல்லை என்றார்கள். தூக்குத் தராசோடு போனேன். மாமி கதிரை போட்டார், தேநீர் கேட்கவில்லை. கட்டாரிலிருந்து வந்திருந்த கணவன் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். முகட்டு வளையில் தராசை மாட்டி, பிள்ளையைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கினேன். முள் ஆடி நின்றது. நான் வாய் திறக்க முதல் சுகந்தி எனக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ நானூறு. எழுதுங்கோ மிஸ்."

எழுதினேன். காட்டை வாங்கித் தராசு முள்ளையும் பார்த்தாள், எழுத்தையும் பார்த்தாள். பிறகு படம் எடுத்தாள்.

அது அவளோடு நிற்கவில்லை. அடுத்த கிளினிக்கில் பட்டியைச் சுற்றியதும் இன்னொருத்தி எழும்பி வந்து முள்ளைக் குனிந்து பார்த்தாள். அதற்கடுத்த மாதம் வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. யார் யாருக்கு எவ்வளவு என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நூற்றிநாற்பது என்றால் எனக்கு முன்பே அவர்கள் சத்தம் போட்டார்கள். இந்த ஊர்ப் பெண்கள் மரியாதை இல்லாதவர்கள் என்று புதிதாக வந்த மேற்பார்வை மிஸ் குறைப்பட்டார். நான் ஓம் என்றேன்.

ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது கடைசியாக சுகந்தியின் மகளுக்கு நிறை பார்த்தேன். அதற்குள் பிள்ளை ஓடித் திரியும் வயது, அடங்கி இருக்க வராது. தராசில் துள்ளிக்கொண்டே இருந்தாள். சுகந்தி பதின்மூன்று கிலோ இருநூறு என்றாள். எனக்கு நூறு என்று பட்டது. பிள்ளை ஆடியதில் உனக்குப் பிழையாகப் பட்டிருக்கும், பதின்மூன்று கிலோ நூறு என்று சொன்னேன். எத்தனை வருடம் அந்த முள்ளைப் பார்த்தவள் நான்.

சுகந்தி பேனா இருந்த என் கையைப் பார்த்தாள்.

"திரும்பத் தூக்குங்கோ மிஸ்" என்றாள்.

திரும்பத் தூக்கினேன். பிள்ளை அடங்கும்வரை இருவரும் காத்துக்கொண்டு நின்றோம்.